அவிந்த மலையா, உறங்கும் மலையா? டிரிஸ்டன் டா குன்யா தீவின் எரிமலை வரலாறு

பூகோளப் பாடம் நடத்தும்போது எரிமலைகளை மூன்று வகையாகப் பிரித்துக் கூறுவது நெடுநாளைய பள்ளி வழக்கம். இன்றும் சீறிக்கொண்டிருப்பது உயிருள்ள எரிமலை. முன்பு சீறி இப்போது அடங்கியிருப்பது உறங்கும் எரிமலை. இனி ஒருபோதும் சீறாதது அவிந்த எரிமலை. பெயர் மூன்று, விளக்கம் மூன்று. மாணவர் எளிதில் மனப்பாடம் செய்துவிடுவர். தேர்வுத் தாளிலும் பிழையின்றி எழுதிவிடுவர்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு மலை சீறுகிறது என்பதைக் கண்ணால் கண்டு சொல்லலாம். முன்பு சீறியது என்பதை முன்னோர் எழுதி வைத்த குறிப்பைக் கொண்டு சொல்லலாம். ‘இனி ஒருபோதும் சீறாது’ என்பதை யார் கண்டு சொல்வது? அதற்குச் சான்று யாது? பெரும்பாலும், அம்மலை சீறியதாக அங்குள்ள மக்களுக்கு நினைவில்லை என்பதே சான்றாகக் கொள்ளப்பட்டது. அச்சான்று எத்துணை வலிமை உடையது என்ற வினாவுக்குத் தென் அட்லாண்டிக் மாகடலில் உள்ள ஒரு சிறு தீவு 1961ஆம் ஆண்டில் விடை கூறிற்று. அத்தீவின் பெயர் டிரிஸ்டன் டா குன்யா.

சொல்லும் பொருளும்

‘எரிமலை’ என்பது அழகிய சொல். ஆனால் அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் பிழைபட நேரிடும். எரிமலையில் மலை எரிவதில்லை. விறகோ நிலக்கரியோ எரிவதைப் போல எரிவதற்குரிய பொருள் எதுவும் அங்கு இல்லை. நிலத்தின் மேலோட்டுக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை ஓரளவு உருகிக் குழம்பாகிறது. அக்குழம்பு தன்னைச் சூழ்ந்த பாறையைவிட எடை குறைந்தது. ஆதலின் மெல்ல மெல்ல மேலே எழுகிறது. நீராவியும் பிற வளிகளும் அதனுள் கரைந்துள்ளன. மேலே வர வர அழுத்தம் குறைவதால், கரைந்திருந்த வளிகள் குமிழிகளாகப் பிரிந்து பொங்குகின்றன. சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை சீறி எழுவதும் இதே முறையில்தான். மலையுச்சியில் இரவில் தோன்றும் செந்நிறம் தீச்சுடரின் நிறம் அன்று; உலைக்களத்து இரும்பைப் போலக் காய்ந்த பாறையின் நிறமே ஆகும்.

இதனை ஈண்டு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ‘அவிதல்’ என்பது தீக்குரிய சொல். எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அவியும். விறகு தீர்ந்தால் அடுப்பு அவியும். எரிமலையைத் தீயென்று கருதியதால்தான் ‘அவிந்த எரிமலை’ என்ற தொடரும் எளிதில் பொருந்திவிட்டது. தீயின் இலக்கணம் எரிமலைக்குப் பொருந்தாது. ஆழத்திலிருந்து வருவது என்ற அளவில் அதனை ஊற்றுக்கு ஒப்பிடுவது ஓரளவு பொருந்தும். பல காலம் வறண்டு கிடந்த ஊற்று மீண்டும் ஊறுவது உண்டு அன்றோ?

தீவின் இருப்பிடம்

தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப் டவுன் நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது டிரிஸ்டன் டா குன்யா. மக்கள் வாழும் இடங்களுள் அதற்கு அண்மையில் உள்ளது நெப்போலியன் சிறைவைக்கப்பட்ட செயின்ட் எலினாத் தீவு. அதுவும் வடக்கே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மக்கள் குடியிருக்கும் தீவுகளில் உலகிலேயே மிகத் தனித்திருப்பது இதுவே எனலாம். வானூர்தி இறங்குவதற்கு அங்கு இடமில்லை. கேப் டவுனிலிருந்து கப்பலில் சென்றால் ஒரு வார அளவு ஆகும்.

தீவு ஏறக்குறைய வட்ட வடிவமானது; குறுக்களவு 12 கிலோமீட்டர். அதன் நடுவிலுள்ள மேரி அரசியார் சிகரம் கடல் மட்டத்திற்கு மேல் 2,062 மீட்டர் உயரமுடையது. உச்சியில் உள்ள பழைய எரிமலை வாயில் இதய வடிவில் ஒரு குளம் இருக்கிறது. ஆயினும் கண்ணுக்குத் தெரிவது மலையின் சிறுபகுதியே. சுற்றியுள்ள கடலின் ஆழம் ஏறத்தாழ 3,500 மீட்டர். ஆகவே கடலடியிலிருந்து அளந்தால் மலையின் முழு உயரம் 5,500 மீட்டர் அளவுக்கு வரும். தீவு என்று சொல்லப்படுவது, கடலில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பெருமலையின் தலை மட்டுமே.

அருகில் நைட்டிங்கேல் என்றும் இனாக்சசிபிள் என்றும் பெயருடைய இரு சிறு தீவுகள் உள்ளன. அவையும் எரிமலைகளே. அலையும் மழையும் அவற்றை அரித்துத் தேய்த்துவிட்டன. அங்கு மக்கள் குடியிருப்பு இல்லை.

மலை பிறந்த வரலாறு

உலகின் எரிமலைகள் பெரும்பாலும் புவித்தட்டுகளின் ஓரங்களில் அமைந்தவை. சுமத்திரா, ஜாவா எரிமலைகள், ஒரு தட்டு மற்றொன்றின் கீழே அமிழும் இடத்தில் எழுந்தவை. அட்லாண்டிக் மாகடலின் நடுவில் இதற்கு மாறாக இரண்டு தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அவ்விலகலில் உண்டான நீண்ட கடலடி மலைத்தொடர் வடக்குத் தெற்காக மாகடலின் நடுவே ஓடுகிறது. டிரிஸ்டன் டா குன்யா அத்தொடரின்மேல் இல்லை. அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி, ஆப்பிரிக்கத் தட்டின்மேல் நிற்கிறது. ஓரத்தில் இல்லாத இடத்தில் எரிமலை எழுந்தது எவ்வாறு?

1963ஆம் ஆண்டில் டூசோ வில்சன் என்ற கனடா நாட்டு அறிஞர் ஹவாய்த் தீவுகளை ஆராய்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். நிலத்தின் ஆழத்தில் சில இடங்களில் வெப்பம் மிகுந்து நிலைத்திருக்கிறது. அதன்மேல் புவித்தட்டு நகர்ந்து செல்கிறது. ஆகவே வெப்பப் புள்ளியின்மேல் வரும் இடமெல்லாம் எரிமலையாகிப் பின்னர் விலகிச் செல்கிறது என்பது அக்கருத்து. தோசைக்கல்லை விளக்குச் சுடரின்மேல் மெல்ல நகர்த்தினால் அடியில் கரிக்கோடு ஒன்று நீளும். சுடர் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறது, நகர்வது கல். வெப்பப் புள்ளியும் தட்டும் அவ்வாறே.

அத்தகைய கோடு ஒன்று டிரிஸ்டன் டா குன்யாவுக்கும் உண்டு. தீவிலிருந்து வடகிழக்கே நமீபியா நாட்டுக் கரைவரை கடலடியில் ஒரு மேடு நீண்டு கிடக்கிறது. வால்விஸ் மேடு என்பது அதன் பெயர். தீவை விட்டு ஆப்பிரிக்காவை நெருங்க நெருங்க அம்மேட்டின் பாறைகளுக்கு வயது கூடுகிறது. கரையிலுள்ள எட்டெண்டேக்கா நிலப்பகுதியின் பசால்ட்டுப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு மேல். வியப்பு என்னவெனில், அதே காலத்துப் பாறைகள் மாகடலுக்கு அப்பால் பிரேசில் நாட்டிலும் பரந்து கிடக்கின்றன. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒன்றாயிருந்து பிரியத் தொடங்கிய காலத்தில், பிளவின்மேல் பொங்கிப் பரவிய ஒரே குழம்பின் இரு பாதிகள் அவை. இரண்டு கண்டங்களைப் பிரித்த நிகழ்ச்சியோடு தொடர்புடைய வெப்பமே இன்று இச்சிறு தீவின் கீழே இருக்கிறது என்பது அறிஞர் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து.

வெப்பப் புள்ளி பழமையானது என்றாலும் தீவு மிக இளையது. கடல் மட்டத்திற்கு மேலே காணும் பாறைகள் கடந்த 2 இலட்சம் ஆண்டுகளுக்குள் உண்டானவை. மலைகளின் கணக்கில் இது குழந்தைப் பருவமே. இளையது என்ற ஒன்றே, ‘அவிந்தது’ என்று சொல்ல விடாமல் தடுத்திருக்க வேண்டும்.

குடியிருக்கும் நிலம் கிடைத்த வகை

தீவைச் சுற்றிலும் கடலை ஒட்டிச் செங்குத்தான பாறைச்சுவர் எழுந்து நிற்கிறது. பல இடங்களில் அதன் உயரம் 600 மீட்டரையும் கடக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரிதான அச்சுவரின் அடியில் குடியிருக்க இடம் ஏது? வடமேற்கில் மட்டும் ஒடுங்கிய சமநிலம் ஒன்று சில கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. ஊர் இருப்பது அங்கே. உருளைக்கிழங்குத் தோட்டங்கள் இருப்பதும் அங்கே. அச்சமநிலம் இல்லையேல் தீவில் ஊரே இல்லை.

அந்நிலம் வந்தது எவ்வாறு? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையின் வடமேற்குப் பக்கம் பெரும் பாளமாகப் பெயர்ந்து கடலில் சரிந்தது. எரிமலைகள் விரைவாக உயர்வன. குழம்பும் சாம்பலும் கலந்து அடுக்கடுக்காகக் கட்டப்படுபவை. ஆகவே உறுதி குறைந்தவை. அத்தகைய மலையின் ஒரு பக்கம் சரிவது அரிதன்று. சரிந்த பின் எஞ்சிய பள்ளத்தில், மலையின் அடிவாரத்திலேயே புதிய வாய்கள் திறந்தன. அவற்றிலிருந்து வழிந்த குழம்பும், மேலிருந்து மழைநீர் கொண்டுவந்த கல்லும் மண்ணும் சேர்ந்து சமநிலம் ஆயின. ஊருக்கும் தோட்டத்திற்கும் இடையே நிற்கும் ஹில்பீஸ் என்ற சிறு குன்று அவ்வாறு திறந்த வாய்களுள் ஒன்றன் எச்சமாகும்.

மலை இடிந்ததால் இடம் உண்டாயிற்று. மலை பொங்கியதால் அவ்விடம் நிலமாயிற்று. ஆக, அத்தீவில் மனிதன் கால் ஊன்றி நிற்கும் சமநிலமே எரிமலை தந்தது. அதே செயல் அதே இடத்தில் மீண்டும் நிகழாது என்று எண்ணுவதற்குக் காரணம் இருந்ததில்லை.

மக்கள் வந்த வரலாறு

1506ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் டிரிஸ்டான் டா குன்யா இத்தீவைக் கண்டார். அவர் கரையிறங்கவில்லை, பெயரை மட்டும் விட்டுச் சென்றார். 1816இல் நெப்போலியனைச் செயின்ட் எலினாவிலிருந்து மீட்க இவ்வழியே எவரும் முயலக்கூடும் என்ற அச்சமும் ஒரு காரணமாகப் பிரிட்டன் இங்குக் காவற்படை ஒன்றை நிறுத்தியது. 1817இல் படை திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்ற படைவீரர் தம் மனைவி மக்களுடன் தங்கிவிட்டார். வேறு சிலரும் உடன் தங்கினர். பின்னர்க் கப்பல் உடைந்து கரையேறியோரும், திமிங்கிலம் பிடிக்க வந்தோரும், செயின்ட் எலினாவிலிருந்து வந்த பெண்களும் சேர்ந்து ஓர் ஊராயினர். 1867இல் எடின்பரோ கோமகன் வந்து சென்றதன் நினைவாக அவ்வூர் ‘ஏழ்கடல் எடின்பரோ’ எனப் பெயர் பெற்றது.

அவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். ஆடு மாடு வளர்த்தனர். துணி போர்த்த மரச்சட்டப் படகுகளைத் தாமே கட்டி மீன் பிடித்தனர். எரிமலைக் கல்லால் சுவர் எழுப்பி, நாணல் போன்ற ஒருவகை நீண்ட இலையால் கூரை வேய்ந்தனர். 1949இல் கல்லிறாலைப் பதனிட்டுத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று ஊருக்கு அருகில் எழுந்தது. கையில் பணம் புழங்கத் தொடங்கியது அதன் பின்னரே.

1817 முதல் 1961 வரை 144 ஆண்டுகள். ஐந்து ஆறு தலைமுறைகள். அத்துணைக் காலத்திலும் மலை புகைந்ததில்லை. தாத்தாவும் கண்டதில்லை, அவருடைய தாத்தாவும் கண்டதில்லை. எனவே மலை அவிந்தது என்று எல்லாரும் கொண்டனர். 1937–38ஆம் ஆண்டுகளில் நார்வே நாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று வந்து தங்கி, செடிகொடிகளையும் மக்களையும் பாறைகளையும் ஆராய்ந்து சென்றது. ஆனால் பாறைகளின் வயதை எண்ணால் அளந்து கூறும் முறைகள் அக்காலத்தில் இத்துணை வளர்ந்திருக்கவில்லை.

1961ஆம் ஆண்டு நிகழ்ச்சி

1961 ஆகஸ்டு மாதத்தில் ஊரில் சிறு நில அதிர்ச்சிகள் தோன்றின. நாட்கள் செல்லச் செல்ல அவை மிகுந்தன. வீட்டுச் சுவர்கள் விரிந்தன; கதவுகள் மூடமுடியாதபடி சட்டங்கள் கோணின. ஊருக்குப் பின்னுள்ள பாறைச்சுவரிலிருந்து கற்கள் உருண்டு விழுந்தன. மேலே வர வழி தேடும் குழம்பு, பாறையைப் பிளந்துகொண்டு வரும்போது உண்டாகும் அதிர்ச்சிகள் இவை என்பது இன்று எளிதில் விளங்கும். எரிமலை அவிந்தது என்று நம்பியோருக்கு அன்று அது விளங்கவில்லை. கல் விழுவதே பெரிய அச்சமாயிருந்தது.

அக்டோபர் 8, 9ஆம் நாட்களில் ஊரின் கிழக்கு ஓரத்தில், வீடுகளிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில், நிலம் வெடித்தது. வெடித்த இடம் மேடாக உயரத் தொடங்கிற்று. புல் முளைத்த தரை கண்ணெதிரே எழுவதைக் கண்ட மக்கள் ஊரை விட்டு உருளைக்கிழங்குத் தோட்டத்துக் குடிசைகளுக்குச் சென்றனர். 10ஆம் நாள், உயர்ந்த மேட்டிலிருந்து செந்நிறப் பாறைக்குழம்பு வெளிவரக் கண்டு, தீவையே விட்டு நீங்கினர். தீவு மக்கள் 264 பேரும் அங்குப் பணியாற்றிய வெளியார் சிலரும், கல்லிறால் பிடிக்கும் இரு கப்பல்களில் நைட்டிங்கேல் தீவை அடைந்தனர். மறுநாள் டச்சுக் கப்பலொன்று அவர்களை ஏற்றிக் கேப் டவுனுக்குக் கொண்டு சென்றது. அக்கப்பலின் பெயர் ‘சிசடானே’. அது ஜாவாத் தீவில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். எரிமலைகள் நிறைந்த நாட்டு ஆற்றின் பெயர் தாங்கிய கப்பல், எரிமலையால் வீடிழந்தவர்களை ஏற்றிச் சென்றது. ஓர் உயிரும் பலியாகவில்லை.

வெளிவந்த குழம்பு ஹவாய்த் தீவில் காண்பது போல நீராய் ஓடும் குழம்பு அன்று. குழம்பில் சிலிக்கா என்னும் மணற்பொருள் மிகுந்தால் அது கட்டித்தன்மை பெறும். டிரிஸ்டன் டா குன்யாவில் வெளிவந்தது, சிலிக்கா நடுத்தர அளவிலும் சோடியமும் பொட்டாசியமும் மிகுதியாகவும் உள்ள ஒரு வகை. ஃபோனோலைட் என்ற பாறைக்கு அது நெருங்கிய உறவு. ஃபோனோலைட் என்றால் ‘ஓசைக்கல்’ என்று பொருள். அதன் பலகைகளைத் தட்டினால் மணிபோல ஒலிக்கும். இத்தகைய குழம்பு களிபோல இறுகி, குவிந்து குன்றாகும். பின்னர் உடைந்த கற்பாளங்களாகப் பக்கத்தில் மெல்ல நகரும். 1961இல் அவ்வாறே முதலில் ஒரு குவிமேடு எழுந்தது. அதனினின்று குழம்பு கடலை நோக்கி நகர்ந்து, கடலுக்குள் புதிய நிலத்தை உண்டாக்கியது. 1962 மார்ச்சு அளவில் பொங்குதல் ஓய்ந்தது.

குழம்பு ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. வீடுகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் கல்லிறால் தொழிற்சாலை மறைந்தது. படகுகளை இழுத்து ஏற்றும் கடற்கரைகளும் மறைந்தன. குடியிருக்கும் வீட்டை விட்டுவைத்துப் பிழைக்கும் வழியை மூடிவிட்டது மலை.

கற்கள் கூறிய சாட்சி

1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் ராயல் சொசைட்டி அனுப்பிய ஆராய்ச்சிக் குழு தீவில் இறங்கியது. மக்கள் இல்லாத ஊரில் தங்கி, இன்னும் சூடாறாத குழம்பையும் தீவின் பழைய பாறைகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட உண்மைகளும், பின்வந்தோர் கண்ட உண்மைகளும் ஒன்றையே வலியுறுத்துகின்றன: 1961இல் நிகழ்ந்தது புதுமை அன்று, வழக்கமே.

மலையின் உச்சியில் ஒரு வாய் இருப்பதோடு, அதன் சரிவுகளிலும் அடிவாரத்திலுமாக முப்பதுக்கு மேற்பட்ட சிறு வாய்கள் ஆங்காங்கே திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முறை பொங்கி ஓய்ந்தது. தெற்குக் கரையிலுள்ள ஸ்டோனி ஹில் என்ற குன்றின் கற்கள் செடிகொடி அடராமல் இன்னும் புதுமை மாறாதிருக்கின்றன. அது பொங்கிச் சில நூறு ஆண்டுகளே ஆகியிருக்கும் என மதிப்பிட்டனர். மனிதர் குடியேறுவதற்குச் சற்று முன்னரே மலை பொங்கியிருக்கிறது. பார்த்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

கற்களின் வயதைக் கண்டறியும் முறையையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். பாறைகளில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பகுதி கதிரியக்கம் உடையது. அதில் ஒரு பங்கு மெல்ல மெல்ல ஆர்கன் என்னும் வளியாக மாறுகிறது. அப்பொட்டாசியம் பாதியாகக் குறைவதற்கு 125 கோடி ஆண்டுகள் ஆகும். பாறை உருகிக் குழம்பாக இருக்கும்போது ஆர்கன் வெளியேறிவிடுகிறது. இறுகியபின் உண்டாகும் ஆர்கன் உள்ளேயே சிறைப்படுகிறது. ஆகவே குழம்பு இறுகிய நேரமே கடிகாரம் ஓடத் தொடங்கிய நேரம். சிறைப்பட்ட ஆர்கனை அளந்தால் பாறையின் வயது தெரியும். குழம்பின் அடியில் கருகிய மரமோ செடியோ அகப்பட்டால், கரிமக் கணக்கால் அண்மைக்கால நிகழ்ச்சிகளின் வயதும் தெரியவரும். பொங்கியதைக் கண்ட மனிதர் இல்லை என்றால் என்ன? பொங்கிய கல்லே தன் பிறந்த நாளைத் தன்னுள் வைத்திருக்கிறது.

அறிந்து திரும்பிய மக்கள்

தீவு மக்கள் கேப் டவுனிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்று, தெற்குக் கரையிலுள்ள கால்ஷாட் என்னும் இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். அங்கே வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது, கடையும் மருத்துவமும் அருகில் இருந்தன. ஆயினும் தனித்து வாழ்ந்தோர்க்குப் பழக்கமில்லாத சளிக்காய்ச்சல் போன்ற நோய்கள் அவர்களை வருத்தின. முதியோர் சிலர் தம் தீவை மீண்டும் காணாமலே இறந்தனர்.

குழம்பு ஓய்ந்தபின் 1962இல் பன்னிரண்டு ஆடவர் முன்னே சென்று நிலைமையை ஆராய்ந்தனர். ஊர் நின்றது. ஆனால் விட்டுச்சென்ற நாய்கள் ஆடுகளை வேட்டையாடி அழித்திருந்தன. அவர்கள் கூரைகளைச் செப்பனிட்டு, கிழங்கு நட்டு, திரும்பி வாழ இயலும் என்று தெரிவித்தனர். அவ்வாண்டு திசம்பரில் வாக்கெடுப்பு நடைபெற்றது. திரும்பிச் செல்வதற்கு 148 வாக்குகள். தங்குவதற்கு 5 வாக்குகள். 1963இல் இரு பிரிவுகளாக மக்கள் திரும்பினர். பெரும்பிரிவு நவம்பரில் கரையிறங்கியது. படகு ஏற்றும் கரைகள் மறைந்துவிட்டமையால் புதிய துறைமுகம் கட்டப்பட்டு 1967இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் தமக்கு இடங்கொடுத்த ஊரின் நினைவாக அதற்குக் கால்ஷாட் துறைமுகம் என்று பெயரிட்டனர்.

சீறிய மலையின் அடிக்கே மக்கள் திரும்பியது அறியாமையா என்று சிலர் வினவக்கூடும். இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். 1961க்கு முன் அவர்கள் அங்கு வாழ்ந்தது, மலை அவிந்தது என்ற நம்பிக்கையில். 1963க்குப் பின் அவர்கள் அங்கு வாழ்வது, மலை அவியவில்லை என்ற அறிவோடு. வீடு அதுவே, நிலம் அதுவே, மலையும் அதுவே. மாறியது அறிவு ஒன்றே. கடலின்மேல் படகு செலுத்துவோன் கடல் கொந்தளிக்காது என்று நம்பிச் செல்வதில்லை. கொந்தளிக்கும் என்று அறிந்தே செல்கிறான். அத்தகைய வாழ்வை அறியாமை என்று கூறுதல் பொருந்தாது. அவர்களுள் சிலர் 1966இல் மீண்டும் இங்கிலாந்து சென்றதும், அவ்வாறு சென்றவரில் பலர் பின்னர்த் தீவுக்கே வந்ததும், இத்தீர்மானம் எளிதன்று என்பதைக் காட்டும்.

2004 சூலை 29ஆம் நாள் தீவில் மீண்டும் நில அதிர்ச்சி உணரப்பட்டது. பின்னர்க் கடலில் நுரைக்கற்கள் மிதந்து வந்தன. வளிக்குமிழிகள் நிறைந்து இறுகியதால் நீரில் மிதக்கும் கல் அது. நைட்டிங்கேல் தீவுக்கு அப்பால் கடலடியில் ஒரு வாய் பொங்கியிருக்கிறது என்பது தெளிவாயிற்று. ஒரு தலைமுறைக்குச் சற்றே மிகுந்த காலத்தில் இரண்டாம் முறை! அடுத்த வாய் உச்சியில் திறக்குமா, சரிவில் திறக்குமா, கடலடியில் திறக்குமா என்று எவராலும் கூற இயலாது. ஆகவே அதிர்ச்சிகளைக் கருவிகளால் கவனிப்பதும், நீங்கும் வழியை முன்னரே வகுத்து வைப்பதும் இன்று தீவு வாழ்வின் கூறுகளாகிவிட்டன.

மற்ற மலைகளின் சான்று

தொலைவிலுள்ள ஒரு தீவுக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. நியூகினித் தீவிலுள்ள லாமிங்டன் மலை எரிமலை என்றே அங்குள்ளோர்க்குத் தெரியாது. 1951 சனவரி 21ஆம் நாள் அது வெடித்து ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றது. பிலிப்பைன்சு நாட்டுப் பினட்டுபோ மலை ஏறத்தாழ 500 ஆண்டுகள் அடங்கியிருந்து, 1991 சூன் 15ஆம் நாள் அந்நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளுள் ஒன்றாகச் சீறிற்று. மலாக்கா நீரிணைக்கு அப்பால், வட சுமத்திராவின் சினாபுங் மலையும் சில நூற்றாண்டுகள் அடங்கிக் கிடந்து 2010 ஆகஸ்டில் விழித்தது. அதன்பின் பல ஆண்டுகள் அதன் சீற்றத்தால் அடிவாரத்து ஊர்கள் காலியாயின.

லாமிங்டனில் அறியாமை உயிர்களைக் கொண்டது. பினட்டுபோவில் அறிஞர்கள் முன்னறிந்து கூறியமையால் பல்லாயிரவர் முன்கூட்டியே நீங்கி உயிர் தப்பினர். இரண்டு மலைகளும் நெடுங்காலம் அடங்கியிருந்தவையே. வேறுபாடு மலையில் இல்லை. மலையை நோக்கிய மனிதரின் அறிவில் இருந்தது.

வகுப்பறையில்

எனின், உயிருள்ளது, உறங்குவது, அவிந்தது என்ற மூன்று பிரிவையும் விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பல இலட்சம் ஆண்டுகளாகப் பொங்காமல், குழம்பு ஊறும் இடத்திலிருந்து தட்டோடு தொலைவில் விலகிவிட்ட மலைகளும் உண்டு. வால்விஸ் மேட்டின் ஆப்பிரிக்கப் பக்கத்து மலைகள் அத்தகையன. அவற்றை அவிந்தவை என்பதில் பிழையில்லை; ஏனெனில் அங்குக் காரணம் காட்ட முடிகிறது. பிழை எங்கே நேர்கிறதெனில், காரணம் காட்டாமல், ‘யாரும் கண்டதில்லை’ என்பதை மட்டும் கொண்டு ஒரு மலையை அப்பிரிவில் அடைக்கும்போதுதான்.

ஆகவே மூன்று பெயர்களை ஒப்புவிக்கச் செய்வதோடு ஆசிரியர் நின்றுவிடாமல், மூன்று வினாக்களையும் மாணவர்க்குப் பழக்குவது நன்று. இம்மலை கடைசியாக எப்போது பொங்கியது? அதனைக் கூறியது மனிதர் நினைவா, கல்லின் வயதா? குழம்பை மேலே அனுப்பும் காரணம் இன்னும் கீழே இருக்கிறதா? இவற்றுக்கு விடை காணப் பழகிய மாணவன், எந்த மலையையும் எளிதில் அவிந்தது என்று சொல்லமாட்டான்.

மனிதனின் நினைவு ஐந்தாறு தலைமுறைக்கு மேல் நீளாது. மலைக்கு நூறு தலைமுறையும் ஓர் இரவுத் தூக்கம் போன்றதே. டிரிஸ்டன் டா குன்யாவில் இன்று இருநூற்றுச் சொச்சம் பேர், 1961இல் எழுந்த கரிய குன்றைத் தம் வீட்டு வாசலிலிருந்தே நாள்தோறும் காண்கின்றனர். அங்குள்ள பிள்ளைகளுக்கு அக்குன்றே பாடநூல். மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு அதனை எடுத்துக் காட்டுவது ஆசிரியரின் கடமை.